கீச் சத்தத்துக்கு வயது என்ன?

காலையில் காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். பானட்டுக்குள் ஒரு குருவி மாட்டிக்கொண்டதுபோல கீச், கீச், கீச் என்று ஒரு சத்தம். பத்து நிமிடம் ஓட்டினால் அடங்கிவிடும். மார்கழிப் பனியில் கூடும், வெயிலில் குறையும். மெக்கானிக்கிடம் போனால், "பெல்ட் சத்தம் சார், மாத்திரலாம்" என்பார். மாற்றினால் இரண்டு வாரம் அமைதி. பிறகு மறுபடியும் குருவி.

இதைச் சரிசெய்வது எப்படி என்று யூடியூபில் ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. எனக்கு வந்த சந்தேகம் வேறு. இந்தச் சத்தம் உலகத்தில் எப்போதிலிருந்து இருக்கிறது?

கேட்கக் காரணம் உண்டு. எங்கள் மம்சாபுரத்துக்கு ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், இன்னொரு பக்கம் ராஜபாளையம். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் கம்பெனியைத் தொடங்கியதிலிருந்து மூன்று தலைமுறை ஆட்கள் பெல்ட் சத்தத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். உறவு இல்லை என்றாலும் நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். மில் பெல்ட் என்னென்ன சத்தம் போடும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். வழுக்கும்போது ஊளை மாதிரி இழுக்கும், ஜாயிண்ட் புல்லியில் அடிக்கும்போது டப் டப் என்று வரும், தளர்ந்துபோனால் காற்றில் பட்டை அடிக்கும். குருவி மாதிரி கீச் கீச்னு? "அது காருலதாம்ப்பா. நாங்க அந்தச் சத்தத்தைக் கேட்டதில்ல" என்றார்.

அந்தப் பதில்தான் என்னைத் தேட வைத்தது. பெல்ட்டுக்கு இருநூறு வருடத்துக்கு மேல் வயசு. அந்தச் சத்தம் மட்டும் ஏன் புதுசு?

முதலில் நம் ஊர்ப் பக்கத்துப் பழைய சத்தத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கமலை இறைத்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு உருளைச் சத்தம் ஞாபகம் இருக்கும். மாடு பின்னால் வரும்போது ஒரு சத்தம், முன்னால் இழுக்கும்போது ஒரு சத்தம். அது கயிற்றின் சத்தம் கிடையாது. மர அச்சு காய்ந்துபோய்ப் போடும் சத்தம். மருந்து எளிது, எண்ணெய். மாட்டு வண்டிக்கும் அதேதான். வைக்கோலை எரித்த கரியில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் வண்டி மை. அச்சில் தடவினால் சத்தம் போய்விடும். ஆக, "சத்தம் வந்தால் எண்ணெய் போடு" என்பது நமக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். பெல்ட் வந்தபோது இந்தப் பழக்கம் தலைகீழானது. பெல்ட் ஓடுவதே உராய்வால்தான். அதில் எண்ணெய் பட்டால் கதை முடிந்தது. இன்றைக்கும் கார் பெல்ட்டில் எண்ணெய்யும் கிரீஸும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி மை காலத்துப் புத்தி அது.

ஆலைக்குள் பெல்ட் எப்படி வந்தது? ஆரம்பத்தில் ஒரு ஆலைக்கு ஒரே ஒரு சக்தி மூலம்தான். நீர்ச்சக்கரம் அல்லது நீராவி எஞ்சின். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் திருநெல்வேலி மில்லைக் கொண்டுபோய் வைத்ததே தாமிரபரணி அருவி நீரின் சக்திக்காகத்தான். பிறகு தூத்துக்குடியில் கோரல் மில், மதுரையில் மதுரா மில். சக்தி ஒரு இடத்தில் பிறக்கிறது. அதை நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் லைன் ஷாப்ட். கூரைக்குக் கீழே ஆலையின் நீளத்துக்கு ஓடும் இரும்புத் தண்டு. அதில் வரிசையாகப் புல்லிகள். ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒரு தட்டைத் தோல் பெல்ட் கீழே இறங்கி ஒரு இயந்திரத்தைச் சுற்றும். சாஃப்ட்வேர் ஆட்கள் மொழியில் சொன்னால் ஒரே சர்வர், நூறு கிளையண்ட், நடுவில் தோல் கேபிள்.

தோலுக்கு ஈரம் ஆகாது. அதனால் கேன்வாஸ் துணியில் பலாட்டா என்ற மரப்பாலைப் பூசிச் செய்த பெல்ட்டுகள் 1880-களில் கிளாஸ்கோவிலிருந்து வர ஆரம்பித்தன. ஈரப்பதம் அதிகமான நாடுகளில் அவை நன்றாக ஓடின.

இப்போது ஒரு முக்கியமான நுணுக்கம். தட்டை பெல்ட் ஓடும் புல்லியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பழைய ரைஸ் மில் ஏதாவது இன்னும் உங்கள் ஊரில் இருந்தால், நிறுத்தியிருக்கும்போது தடவிப் பாருங்கள். புல்லியின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருக்கும். பெல்ட் நழுவி விழாமல் இருக்க இரண்டு ஓரமும் உயரமாக இருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். நிஜத்தில் நேர்மாறு. ஓடும் பெல்ட் எப்போதும் புல்லியின் அதிக விட்டமுள்ள இடத்தை நோக்கி ஏறும். அதனால் நடுவைப் புடைக்க வைத்துவிட்டால் பெல்ட் தானாகவே நடுவுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு புல்லிகளும் கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட பெல்ட் அட்ஜஸ்ட் செய்துகொண்டு ஓடும், சண்டை போடாது.

தட்டை பெல்ட்டின் இந்தப் பொறுமைதான் பெரியப்பா குருவிச் சத்தம் கேட்காததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மேலே படியுங்கள்.

சத்தத்தை அடக்கும் கலை

பொறுமை இருந்தாலும் தட்டை பெல்ட்டுக்கு ஒரு பலவீனம், வழுக்கல். லோடு ஏறினால் வழுக்கும், ஊளையிடும், சூடாகும். இதற்கு ஆலைகளில் வைத்திருந்த மருந்துக்குப் பெயர் பெல்ட் டிரெஸ்ஸிங். கொழுப்பு, மெழுகு, ரோசின் என்று பல சேர்மானம். ரோசின் என்றால் வயலின் வில்லில் தேய்க்கிறார்களே, அதேதான். பைன் மரப் பிசின். தடவினால் பிடிப்பு கூடும், சத்தம் நிற்கும், உற்பத்தி நடக்கும். ஆனால் பெல்ட் ஏன் வழுக்கியது என்ற கேள்வி அங்கேயே நின்றுவிடும். தளர்ந்திருக்கலாம். புல்லி தேய்ந்திருக்கலாம். இயந்திரம் இறுகியிருக்கலாம். அதையெல்லாம் பார்க்க ஆலையை நிறுத்த வேண்டும். லைன் ஷாப்ட்டை நிறுத்தினால் ஒரு இயந்திரம் மட்டும் நிற்காது, வரிசையே நிற்கும். யார் நிறுத்துவார்கள்? ஓடுகிற பெல்ட்டிலேயே ஒரு ஆள் டிரெஸ்ஸிங் கட்டியை அழுத்திப் பிடிப்பார். கழன்ற பெல்ட்டை ஓடுகிற புல்லியிலேயே ஏற்றுவார்.

கை போவது அங்கேதான். வேட்டி நுனி, சட்டைக் கை, துண்டு ஏதாவது ஒன்று பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் மாட்டினால் ஆளைத் தண்டோடு சேர்த்துச் சுற்றிவிடும்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பதற்குச் சாட்சி நம் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓடும் இயந்திரத்தில் பெல்ட் ஏற்றுவது போன்ற வேலையைத் தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே செய்யலாம், அவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையைக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு, அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. அதோடு, ஓடும் புல்லியில் கையாளும் பெல்ட்டின் அகலம் 15 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, பெல்ட் ஜாயிண்ட் தோல் வாரால் தைத்ததாகவோ பெல்ட்டோடு சமமாகவோ இருக்க வேண்டும், நிற்கவும் பிடிக்கவும் உறுதியான இடம் வேண்டும் என்றும் இருந்தது. 24-ம் பிரிவு இன்னொன்று சொன்னது: வேலையில் இல்லாத பெல்ட் சுழலும் தண்டின்மேல் சும்மா தொங்கிக்கொண்டு இருக்கக்கூடாது.

ஒரு பாராளுமன்றம் பெல்ட் ஜாயிண்ட்டைப் பற்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறது என்றால், அந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எத்தனை கை, எத்தனை விரல் என்று யோசிக்காமல் என்னால் படிக்க முடியவில்லை. பெரியப்பாவும் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். நானும் தோண்டவில்லை.

லைன் ஷாப்ட்டை ஒழித்தது சட்டம் என்பதைவிட மின்சாரம் என்பதே சரி. 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற ஏற்பாடு மெல்ல மெல்ல வந்தது. மோட்டாருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருபது அடி பெல்ட் தேவையில்லை, இரண்டு அடி போதும். ஆனால் தட்டை பெல்ட் இரண்டு அடி தூரத்தில் சரியாகப் பிடிக்காது. அங்கே வந்தது நம் கதையின் அடுத்த ஆள்.

ஆப்பு வடிவம்

வி-பெல்ட்டுக்கு முன்னோடி கயிறு. லங்காஷைர் ஆலைகளில் எஞ்சினின் பெரிய சக்கரத்தில் வி வடிவக் காடிகள் வெட்டி, பத்து இருபது பருத்திக் கயிறுகளை அதில் ஓட்டினார்கள். கயிறு காடிக்குள் ஆப்பு மாதிரி இறங்கி இறுகிக்கொள்ளும். ஒரு கயிறு அறுந்தாலும் மற்றவை ஓடும்.

இதே யோசனையை ரப்பரில் செய்தவர் அமெரிக்காவின் டென்வர் நகரத்தைச் சேர்ந்த ஜான் கேட்ஸ். வருடம் 1917. காருக்காகத்தான் செய்தார். அதுவரை கார் ரேடியேட்டர் ஃபேனைத் தோல் பட்டைதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபோர்டின் மாடல் டி காரிலும் தட்டைத் தோல் பெல்ட்தான். 1925-ல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியின் வால்டர் கைஸ்ட், பல வி-பெல்ட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டும் டெக்ஸ்ரோப் முறையை ஆலைகளுக்குக் கொண்டுவந்தார். பெயரிலேயே கயிறு இருக்கிறது பாருங்கள். அதாவது ஆலைக் கயிற்றிலிருந்து காருக்குப் போய், காரிலிருந்து திரும்பவும் ஆலைக்கு.

ஆப்பு வடிவத்தால் என்ன லாபம்? கொஞ்சம் கணக்கு போடலாம், பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பெல்ட்டின் இறுக்கமான பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் இழுவிசை எத்தனை மடங்கு வேறுபடலாம் என்பதற்கு 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டுபிடித்த சூத்திரம் இருக்கிறது. உராய்வு எண் 0.3, பெல்ட் புல்லியில் அரைவட்டம் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், தட்டை பெல்ட்டுக்கு விடை 2.57 மடங்கு. அதையே 40 டிகிரி காடியில் உட்காரும் வி-பெல்ட்டாக மாற்றினால் உராய்வு கிட்டத்தட்ட மூன்று மடங்கு போல வேலை செய்யும். விடை 15 மடங்கைத் தாண்டுகிறது. உராய்வு மூன்று மடங்கானால் பலன் ஆறு மடங்கு. ஆய்லர் சூத்திரம் அடுக்குக்குறிச் சூத்திரம் என்பதால் வரும் ஜாலம்.

நம் பக்கத்தில் வி-பெல்ட் என்றால் மதுரைதான். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் 1861-ல் ஜோசப் ஹென்றி ஃபென்னர் தொடங்கியது தோல் பெல்ட் கம்பெனி. அந்தப் பெயர் சுற்றி வந்து மதுரை கோச்சடையில் ரப்பர் பெல்ட் தொழிற்சாலையாக நிற்கிறது. இப்போது ஜே.கே. குழுமத்தின் கையில். கிணற்று மோட்டார், மாவு மில், தறி, லாரி என்று தென் மாவட்டத்தில் "ஃபென்னர் பெல்ட்" என்பது ஜெராக்ஸ் மாதிரி பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. தோலில் ஆரம்பித்து ரப்பரில் முடிந்த அந்தக் கம்பெனி வரலாறே பெல்ட்டின் வரலாறு.

அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு வி-பெல்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பெல்ட், கிராங்க், வாட்டர் பம்ப்-ஃபேன், டைனமோ என்று மூன்று புல்லிகள். தளர்ந்தால் டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, கடப்பாரையால் நெம்பிப் பிடித்து, திரும்ப முறுக்கினால் முடிந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். சத்தம் போட்டால் பார் சோப்பைத் தேய்ப்பார்கள். ஆலையின் டிரெஸ்ஸிங் கட்டி இங்கே சோப்பாகிவிட்டது. சத்தம் நிற்கும், காரணம் நிற்காது.

ஆப்புக்கு ஒரு விலை உண்டு. அது காடிக்குள் சிறைப்பட்டது. புல்லிகள் கோணலாக இருந்தால் தட்டை பெல்ட் மாதிரி நகர்ந்துகொள்ள இடமில்லை. காடியின் சுவரில் உரசிக்கொண்டே உள்ளே இறங்கி, உரசிக்கொண்டே வெளியேறும்.

1970-களின் எண்ணெய் நெருக்கடியில் கார்கள் சின்னதாக, எஞ்சின்கள் நெருக்கமாக ஆயின. ஏ.சி., பவர் ஸ்டியரிங், பெரிய ஆல்டர்னேட்டர் என்று பெல்ட் சுற்ற வேண்டிய உறுப்புகளோ கூடிக்கொண்டே போயின. மூன்று நான்கு வி-பெல்ட்டுகளுக்குப் பதில், உள்பக்கம் நீளவாக்கில் சின்னச் சின்ன வி வரிகள் கொண்ட ஒரே நீளமான பட்டை பெல்ட்டைப் பாம்பு மாதிரி வளைத்து எல்லாவற்றையும் சுற்றவைத்தார்கள். 1979 ஃபோர்டு மஸ்டாங்கில் அது வந்தது. இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த டென்ஷனர். இன்று நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இந்த வகைதான். இதில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர். அம்பாசடர் பெல்ட்டில் பெரிதாகத் தெரியாத இரண்டு மில்லிமீட்டர் விலகல், இங்கே பாதி வரி.

குருவியின் பிறப்பு இங்கேதான். தட்டை பெல்ட் வழுக்கினால் ஊளை. வரி பெல்ட் விலகி ஓடினால் கீச். பெரியப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஏன் கீச்சிட வேண்டும்?

உரசினால் சும்மா சொரசொரவென்று கேட்கலாமே, ஏன் குருவி மாதிரி ஒரு சுருதியோடு கேட்கிறது? இதற்குப் பதில் சொன்னவர்களில் நம் சி.வி. ராமனும் ஒருவர். ஆனால் அவர் பார்த்தது பெல்ட்டை இல்லை, வயலினை. வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது, ஒரு அளவுக்கு மேல் தந்தி வழுக்கித் திரும்புகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒட்டு, வழுக்கு, ஒட்டு, வழுக்கு. இது வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நடக்கும்போது நம் காதுக்கு அது சுருதி. ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை முன்பே ஆராய்ந்திருந்தார். ராமன் கல்கத்தாவில் இருந்தபோது 1918-ல் வில் வாத்தியத் தந்திகளின் அதிர்வைப் பற்றி ஒரு முழு ஆய்வு நூலே வெளியிட்டார். பிறகு வயலினை இயந்திரத்தால் வாசிக்கவைத்து, வில்லின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை அளந்தார். அழுத்தம் போதவில்லை என்றால் தந்தி சரியான சுருதியில் நிற்காது என்பது வயலின் கற்கும் பிள்ளை உள்ள வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

(வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் கிடையாது. சம்பந்தமில்லாத தகவல், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.)

கார் பெல்ட்டிலும் இதே ஒட்டு-வழுக்குதான். கோணலாக நுழையும் வரியின் பக்கச்சுவர் காடிச்சுவரில் ஒட்டுகிறது, சட்டென்று வழுக்கி இறங்குகிறது. அதனால்தான் பனியில், லேசான ஈரத்தில் உராய்வு மாறும்போது சத்தம் மாறுகிறது. முழுக்க நனைந்தால் தண்ணீரே மசகாகி, கொஞ்ச நேரம் அமைதி.

இந்தக் குணத்தை வைத்துத்தான் இன்றைய தண்ணீர்ச் சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, தள்ளி நின்று, ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் வரிப் பக்கம் தண்ணீர் அடிக்க வேண்டும். சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லி விலகல். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடி ஊளையானால் இறுக்கம் போதவில்லை, டென்ஷனரைப் பார்க்க வேண்டும். தண்ணீரால் எந்த மாற்றமும் இல்லையென்றால் பெல்ட்டை விட்டுவிட்டு, பேரிங்குகளைச் சந்தேகப்படலாம். (துப்பட்டா, துண்டு, தளர்ந்த சட்டைக் கை வேண்டாம். 22-ம் பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இன்னொரு வழி எண்ணிப் பார்ப்பது. எஞ்சினியர்களுக்குப் பிடிக்கும். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று, கிராங்க் புல்லியின் விட்டம் 15 செ.மீ. என்றால் பெல்ட்டின் வேகம் வினாடிக்கு சுமார் 6.3 மீட்டர். பெல்ட் நீளம் இரண்டு மீட்டர் என்றால் ஒரு வினாடியில் மூன்று முறை சுற்றி வரும். கிராங்க் 13 முறை சுற்றும், 5.5 செ.மீ. ஆல்டர்னேட்டர் புல்லி 36 முறை. ஆக வினாடிக்கு மூன்று என்று சீராக எண்ண முடிகிற சத்தம் என்றால் பெல்ட்டிலேயே ஒரு இடத்தில் சேதம். ஆலையில் டப் டப் என்று ஜாயிண்ட் அடித்த கணக்குதான் இது. போனில் ரெக்கார்ட் செய்து அலைவடிவத்தைப் பார்த்தால் எண்ணுவது சுலபம்.

இதையெல்லாம் நான் படித்தது பொழுதுபோக்குக்காக இல்லை. என் டீசல் காரிலும் குருவி இருந்தது. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பேரிங் மாற்றிய பிறகு வந்த சத்தம். முதல் இடத்தில் பெல்ட்டை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் இன்னொரு பெல்ட், கூடவே ஒரு ஸ்பிரே. மூன்றாவது இடத்தில், பெயர் வேண்டாம், ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். சும்மா ஒரு சத்தம்தானே என்று விடவும் முடியாது. என் எஞ்சினில் வாட்டர் பம்ப்பையும் அந்தப் பெல்ட்தான் சுற்றுகிறது. செங்கோட்டை தாண்டி மலை ஏறும்போது அது அறுந்தால் சார்ஜ் போகும், எஞ்சின் கொதிக்கும். வீட்டில் வயதான அம்மாவை மாதம் ஒருமுறை கேரளப் பக்கம் வைத்தியத்துக்கு அழைத்துப் போகிற கார் அது.

போனில் ரெக்கார்ட் செய்து எண்ணினால் வினாடிக்கு ஏழெட்டு, அதுவும் சீராக இல்லை. இரண்டு புது பெல்ட்டிலும் ஒரே மாதிரி. ஆக பெல்ட்டில் சேதம் என்பது விலகியது. தண்ணீர் அடித்தேன், சட்டென்று அமைதி. அரை நிமிடத்தில் திரும்ப கீச். விலகல்தான். ஆனால் எந்தப் புல்லி, எவ்வளவு?

ஸ்டீல் ஸ்கேலைப் புல்லி ஓரங்களில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போன பெரியப்பா நின்று பார்த்தார். "முகத்தை வச்சுப் பாக்காதப்பா. ஒவ்வொரு புல்லிக்கும் உதட்டுக் கனம் வேற. காடியப் பாரு." வீட்டுக்குப் போய்த் தையல் நூல் கொண்டுவந்தார். எஞ்சின் அணைந்திருக்கிறதா, சாவி என் கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். இரண்டு முறை கேட்டார். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, கிராங்க் புல்லியின் முதல் காடியில் நூலை அரைச்சுற்று போட்டு, இரண்டு நுனியையும் ஆல்டர்னேட்டர் வரை நேராக இழுத்தார். நூல் அங்கே முதல் காடிக்குள் போய் விழ வேண்டும். விழவில்லை. முதல் காடிக்கும் இரண்டாவது காடிக்கும் நடுவே உள்ள மேட்டில் போய் உட்கார்ந்தது.

ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 3.56 மில்லிமீட்டர் என்றேன் அல்லவா? அதில் பாதி, கிட்டத்தட்ட 1.8. இந்த வகை பெல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை ஒரு அடி தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டு புல்லிகளுக்கும் நடுவே ஒரு அடிகூட இல்லை. பேரிங் மாற்றியபோது ஆல்டர்னேட்டர் புல்லிக்குப் பின்னால் இரண்டு வாஷர் போட்டிருக்கிறார்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். பக்கத்து லேத் கடையில் நட்டைக் கழற்றி ஒரு வாஷரை எடுத்தோம். நூல் காடியில் விழுந்தது. குருவி போனது. செலவு ரெண்டு டீ.

லைன் ஷாப்ட்டுக்கும் அதேதானா என்று கேட்டேன். நூறு அடித் தண்டுக்கு நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார்களாம். லேசர் கருவி விற்கிறார்கள், பல்லாயிரம் ரூபாய். கார் புல்லிக்கு நூல் போதும்.

இன்னும் ஒரு விஷயம். பெல்ட்டை மடக்கி, விரிசல் இருக்கிறதா என்று மெக்கானிக் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது நியோப்ரீன் காலத்துப் பழக்கம். 1931-ல் டூபாண்ட் கம்பெனி வெளியிட்ட அந்தச் செயற்கை ரப்பர், வயதானால் விரிசல் விடும். இப்போதைய பெல்ட்டுகள் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற வேறு ரப்பர். அது சீக்கிரத்தில் விரிசல் விடாது, டயர் மாதிரி தேயும். பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே வரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் மட்டும் அகன்றுபோயிருக்கும். விரிசல் இல்லையென்று நம்பினால் ஏமாற்றம்தான். வரியின் ஆழத்தை அளக்கச் சின்ன பிளாஸ்டிக் அளவி இருக்கிறது, ஸ்பேர் கடையில் கேட்டால் கிடைக்கலாம். டைமிங் பெல்ட் வேறு விஷயம். மாருதி 800 நம் வீடுகளுக்குக் கொண்டுவந்த பல் வைத்த பெல்ட் அது. எஞ்சினின் மூடிக்குள் இருக்கும், தண்ணீர்ச் சோதனையெல்லாம் அதற்குக் கிடையாது, கிலோமீட்டர் கணக்கில் மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்து, ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்களில் லைன் ஷாப்ட் ஓடியதா, எப்போது கழற்றினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பழைய தோல் பெல்ட் துண்டோ, ஜாயிண்ட் கிளிப்போ, கூரைத் தண்டு தெரிகிற போட்டோவோ உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.